நாத்தனார் கதவு

அவருடைய விசிட்டிங் கார்டில் ‘உலகப் படைப்பாளர்’ என்று அச்சாகியிருந்தது. வீடியோ கேம் தயாரிக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் அவருக்குக் கதை எழுதுகிற வேலை. ‘கதை எழுதுபவர்’ என்று போட்டால் அட்டையில் நிறைய இடம் மிச்சமாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அட்டை வந்த அன்றே ஆபீஸ் அவருக்குப் பிரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதைக் கேலி என்றே அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

பிரம்மா உலகத்தைப் படைத்தார். சுவர் எழுப்பியது மேஸ்திரி. அதுவும் ஆபீஸ் வைத்த பெயர்தான்; அவள் கல்லையும் சுண்ணாம்பையும் தொட்டதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டஞ்சன் கட்டுவாள். வாள் ஏந்திய வீரனோ வீராங்கனையோ பூமிக்கு அடியில் போய்ப் பொறிகளில் சிக்கி, புதிர்களில் முட்டி, கடைசியில் எதையோ கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வருவார்களே, அந்த இருட்டு அறைகளின் கூட்டத்துக்குத்தான் அந்தத் தொழிலில் டஞ்சன் என்று பெயர். எந்த மூலையில் ஆள் திரும்பிப் பார்ப்பான், எந்தப் படியில் தயங்குவான், எங்கே ஒரு துளி வெளிச்சம் விட்டால் விட்டில் பூச்சி மாதிரி வந்து சேர்வான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டில் பீரோவை எந்தச் சுவரோரம் போடுவது என்று மட்டும் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அவள் கடைசியாகக் கட்டியது ஆற்றங்கரையில் மூழ்கிப்போன ஒரு கோட்டை. தண்ணீர் வடிந்து எத்தனையோ காலம் கழித்து ஆட்டக்காரர் உள்ளே இறங்குகிறார். அங்கே என்ன நடந்தது என்பதை அவரே அறை அறையாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நான் இப்போதே சொல்லிவிட்டால் எனக்கும் பிரம்மாவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

பிரம்மாவுக்கு அந்தக் கோட்டை பிடிக்கவில்லை. முதலாளி அறையில் கூட்டம் போட்டுச் சொன்னார்.

“அறையெல்லாம் காலியா கிடக்கு. ஒரு கட்டில் இல்ல, நாற்காலி இல்ல. வாடகைக்கு விட்ட வீடு மாதிரி இருக்கு. அதை விடுங்க, உள்ள ஒருத்தர்கூட வாயைத் திறக்கலியே. கதை எப்படிப் புரியும்?”

“அறையே சொல்லும் சார்,” என்றாள் மேஸ்திரி.

“செவுத்துக்குக் காது இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். வாய் இருக்குன்னு இப்பதான் கேக்கறேன்.”

முதலாளி சிரித்தார். கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வது அவர் சுபாவம். அதனால் அந்த ஆபீஸில் யாரும் முதலில் பேச விரும்புவதில்லை.

பிரம்மாவின் திட்டம் எளிமையானது. ஒவ்வொரு அறையிலும் ஒரு சிலை. ஆள் உள்ளே வந்ததும் சிலை பேசும். அந்த அறையின் வரலாறு, அதைக் கட்டிய வம்சம், அந்த வம்சத்துக்கு வந்த சாபம், சாபம் கொடுத்தவருடைய வம்சம். சிலை பேசி முடித்த பிறகுதான் அடுத்த கதவு திறக்கும்.

“கேட்டே ஆகணும்,” என்றார். “வேற வழி கிடையாது.”

“அது டஞ்சன் இல்ல சார், பிரசங்க மண்டபம்.”

“இன்னொண்ணு. நீங்க வழியைச் சுத்தி வளைச்சு விட்டிருக்கீங்க. அப்படி விட்டா, மூணாவது சிலை பேசினதுக்கப்புறம் ரெண்டாவது சிலை பேசும். வரலாறு குழம்பிடும். நேரா ஒரே ஒரு வழி போதும். உள்ள போனா வெளிய.”

அவர் முடிப்பதற்குள் மேஸ்திரியும் பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சுற்றுவழியில்தான் அவளுடைய மொத்த உழைப்பும் இருந்தது. நேராக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு நடைபாதையும் சில பேச்சாளர்களும்.

இந்த முறை இருவரும் ஒரே நேரத்தில் பேசி முடித்துவிட்டதால் முதலாளிக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் யோசித்தார்.

“வெளி ஆளுங்களைக் கூப்பிட்டு ஆடச் சொல்வோம். மேஸ்திரி கட்டினபடியே இருக்கட்டும். வாசல்ல மட்டும் உங்க சிலை ஒண்ணு இருக்கட்டும், அதுல பூட்டு வேணாம். ஆடி முடிச்சதும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: ‘இந்தக் கோட்டைல என்ன நடந்துச்சு?’ ஒருத்தராவது சரியாச் சொல்லிட்டா இப்படியே விட்டுடலாம். யாருக்கும் தெரியலைன்னா எல்லா அறையிலயும் சிலை, நேர் வழி. சரியா?”

வெளி ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. எனவே ஆளுக்கொரு சொந்தக்காரரைக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு தொழில் சமாசாரம் சொல்ல வேண்டும். கட்டும்போது மேஸ்திரி அறைகளுக்கு எண் போட மாட்டாள். எண் போட்டால் எது என்ன அறை என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. அதன் குணத்தைப் பார்த்துப் பெயர் வைப்பாள். வாசலை ஒட்டிய அறையில் நட்டநடுவில் ஒரு பெரிய தூண். அது நகராது, அசையாது, எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அது ‘மாமனார் கூடம்’. பார்வைக்கு உறுதியாக இருந்து, நம்பிக் கால் வைத்ததும் கழன்றுகொள்வது ‘சித்தப்பா பாலம்’. பின்னால் போகப்போகிற அறையை முன்கூட்டியே எட்டிப் பார்க்கவைக்கும் ஓட்டை ‘பக்கத்து வீட்டு ஜன்னல்’. வாசலுக்கு எதிரிலேயே ஒரு பெரிய கதவு இருந்தது. முன்பக்கமிருந்து என்ன செய்தாலும் திறக்காது. அதற்கு ‘நாத்தனார் கதவு’ என்று பெயர்.

இதெல்லாம் ஆபீஸ் புழக்கத்துக்கு மட்டும். வெளியே போகும்போது பிரம்மா வைத்த பெயர்கள் ஏறிவிடும். மாமனார் கூடத்துக்கு அவர் வைத்தது, ‘நித்திய மௌனத்தின் நிழல் படிந்த பேரரசர்களின் இறுதிச் சபாமண்டபம்’.

ஆட்டம் நடந்த அன்று காலை சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பிரம்மாவின் மனைவியுடைய தம்பி வந்திருந்தான். மாமா சொன்னால் கிணற்றிலும் குதிப்பான், ஆனால் செருப்பைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுக் குதிப்பான். முதலாளியின் அண்ணன் வந்திருந்தார். மேஸ்திரியின் கணவர் வருவதாக இருந்தது. அவருக்குப் பதில் அவர் போன்தான் வந்தது.

“எனக்குத் திடீர்னு ஒரு வேலை. அக்காவை அனுப்பியிருக்கேன். காலைல அவ ஃப்ரீதான்.”

“யாரை?”

“அக்காவைம்மா. இந்நேரம் வந்திருப்பா பாரு.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள். பல் டாக்டர். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தன் வாயைத் திறக்காமலே இருப்பவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மேஸ்திரியை அவள் ஒரு குறையும் சொன்னதில்லை. மேஸ்திரி என்ன செய்தாலும், என்ன சொன்னாலும், “ம்” என்பாள். அந்த ‘ம்’ சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்துவிட்டு, நோயாளியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று விடுகிறவர்களின் ‘ம்’.

“வாங்கக்கா,” என்றாள் மேஸ்திரி.

“ம்,” என்றாள் பல் டாக்டர்.

மூன்று பேரும் மூன்று திரைகளின் முன் உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. மேஸ்திரி பின்னால் நின்றபடி திரையின் மேல்மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன வரைபடமும், அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும் இடத்தின் பெயரும் தெரியும். முதலாளியின் அண்ணன் திரையில் அந்தக் கட்டம் ‘மாமனார் கூடம்’ என்றது.

அது வெளியே தெரியக் கூடாத பெயர். எல்லோருடைய துண்டுகளையும் சேர்த்து ஒரே ஆட்டமாகத் தைத்துக் கொடுக்கிறவரை ஆபீஸில் தையல்காரர் என்பார்கள். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

“என்னங்க இது? பழைய பேரெல்லாம் வருது?”

“நான் என்னங்க பண்றது? அவர் வெச்ச பேரு எதுவும் கட்டத்துக்குள்ள நிக்கல. ஒரு பேரு வரைபடத்தையே மூடிடுச்சு. ஒரு பேரு திரையை விட்டே வெளிய போயிடுச்சு. பேரே இல்லைன்னா ஆட்டம் நின்னு போகுது. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானேன்னு நம்ம பேரையே போட்டுட்டேன்.”

“உள்ள என் நாத்தனார் உக்காந்திருக்காங்க.”

தையல்காரர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “நான் இன்னிக்கு லீவுன்னு வெச்சுக்குங்களேன்,” என்றார்.

அவள் திரும்பி வருவதற்குள் பிரம்மாவின் மச்சான் சிலை முன் நின்றுகொண்டிருந்தான். சிலை கணீரென்று பேசியது. “யுகங்களின் மடியில், காலம் கண் விழிக்காத காலத்தில்...” பிரம்மா கைகட்டி நின்று ரசித்துக்கொண்டிருந்தார். மச்சான் ஒரு நிமிடம் மரியாதைக்குக் கேட்டான். பிறகு மெதுவாகக் குதித்துப் பார்த்தான். பிறகு சிலையின் தோளில் ஏறினான். மூன்றாவது வம்சம் தொடங்கும்போது சிலையின் தலைமேல் நின்று வாளைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்றே?”

“கேட்டுட்டுதான் மாமா இருக்கேன். இங்கேருந்து நல்லாக் கேக்குது.”

பல் டாக்டர் சிலையைக் கடந்து நேரே எதிரிலிருந்த பெரிய கதவுக்குப் போனாள். மூலைக் கட்டத்தில் பெயர் மாறியது. மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கிப் படித்தாள். அதை இன்னொரு முறையும் படித்தது போலிருந்தது. நாற்காலியைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பினாள்.

“ஏம்மா.”

“சொல்லுங்கக்கா.”

“உனக்கு எத்தனை நாத்தனார்?”

“ஒருத்தர்தான்க்கா.”

பல் டாக்டர் முன்பக்கம் திரும்பிக் கதவைத் திறப்பதற்கான பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்து வந்தது: ‘இந்தப் பக்கத்திலிருந்து திறக்காது.’

“ஓஹோ,” என்றாள்.

அறையில் சிலையின் குரல் மட்டும் கேட்டது. மேஸ்திரி மனதுக்குள் வீட்டுக்குப் போகும் வழியையும், போன பிறகு கணவரிடம் சொல்ல வேண்டியவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நான் பார்த்ததுல திறக்காத வாய்னு ஒண்ணு கிடையாது,” என்றாள். “இது எங்க திறக்கும்னு பாத்துட்டுதான் போவேன்.”

மற்ற இருவரும் வெகு சீக்கிரம் ஓய்ந்தார்கள். முதலாளியின் அண்ணன் சித்தப்பா பாலத்தில் விழுந்தார். எழுந்து வந்து மறுபடி விழுந்தார். “எங்க சித்தப்பாகிட்ட ஏமாந்த மாதிரியே இருக்கு,” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மச்சானுக்கு எந்த வழியிலும் போகத் தோன்றவில்லை. சிலையின் தலையிலிருந்து மாமனார் கூடத்துத் தூணுக்குத் தாவ முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தான்.

பல் டாக்டர் மட்டும் அவசரப்படாமல் போனாள். முதலில் கதவின் வெளிப்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். மரத்தில் இடித்த தழும்புகள். மேலே ஏறும் படிக்கட்டைப் பார்த்தாள்; கைதவறி விழுந்த மூட்டை ஒன்று, ஒற்றையாய் ஒரு குழந்தைச் செருப்பு. பிறகு, பின்னாளில் சுவர் இடிந்து திறந்துகொண்ட பக்கவழியில் இறங்கி அறை அறையாக நடந்தாள்.

பிரம்மா அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். “பாத்தீங்களா மேடம், அறையெல்லாம் காலி. நானும் சொல்லிட்டேதான் இருக்கேன்.”

“காலியா இல்லியே,” என்றாள் பல் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பிடுங்கியிருக்காங்க.”

“என்னது?”

“தரையைப் பாருங்க. இங்க நாலு கால் தடம். கட்டில் இருந்த இடம். அங்க பெட்டி இருந்திருக்கு. இழுத்துட்டுப் போன கோடு தெரியுது பாருங்க.”

பிரம்மா பார்த்தார். பல தடவை அந்த அறைக்குள் போய்வந்தவர்தான். மேலே எந்த வம்சத்தின் கொடியைத் தொங்கவிடலாம் என்று கூரையைப் பார்த்தாரே தவிர, தரையை ஒருபோதும் பார்த்ததில்லை.

கோடுகள் எல்லா அறைகளிலிருந்தும் கிளம்பி ஒரே திசையில் போயின. பல் டாக்டர் அவற்றின் பின்னால் போனாள். நடுவில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. யாரோ நோயாளி காத்திருக்கிறாராம்.

“வலி இருக்காமா?” என்று கேட்டாள். “இல்லியா? அப்ப இருக்கட்டும். பழைய பத்திரிகை ஏதாவது குடு, படிக்கட்டும்.”

சுவரில் தண்ணீர் நின்ற கறை, போகப் போக உயர்ந்துகொண்டே வந்தது. முட்டியளவு, இடுப்பளவு, கழுத்தளவு. கடைசி அறைக்குள் நுழைந்ததும் பல் டாக்டர் கையை எடுத்துவிட்டுச் சும்மா பார்த்தாள். கோட்டையில் காணாமல் போன அத்தனை சாமானும் அங்கே ஒரு கதவின் மேல் சாய்ந்து குவிந்திருந்தன. கட்டில்கள், பெட்டிகள், நாற்காலிகள், கவிழ்ந்த மேஜை. குவியலின் காலடியில் ஒரு சீப்பு. ஒரே ஒரு ஜோடி செருப்பு, கதவைப் பார்த்தபடி.

மூலைக் கட்டத்தில் எழுத்து மாறியது. நாத்தனார் கதவு.

அவள் ஒவ்வொரு சாமானாக இழுத்து ஓரம் வைத்தாள். ஆட்டத்தில் அவற்றைத் தூக்கி எறியவும் முடியும். வாளால் வெட்டவும் முடியும். அவள் ஓரம்தான் வைத்தாள். பின்னால் கனமான ஒற்றைத் தாழ்ப்பாள் இருந்தது. அதைத் தூக்கினாள். கதவு திறந்தது. வெளிச்சம், ஏறும் படிக்கட்டு, அந்தக் குழந்தைச் செருப்பு. முதலில் நின்ற அதே வாசல். பக்கத்தில் சிலை ஏழாவது வம்சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதன் தலையில் மச்சான் உட்கார்ந்திருந்தான்.

முதலாளி டீ கோப்பையோடு வந்தார். தம் கேள்வியைக் கேட்டார்.

“இந்தக் கோட்டைல என்ன நடந்துச்சு?”

“ஒரு ராஜா,” என்றான் மச்சான். “சாபம்... நிறைய வம்சம். மாமா ரொம்ப நல்லா எழுதியிருக்காரு.”

“ஒரு சித்தப்பா,” என்றார் முதலாளியின் அண்ணன்.

முதலாளி பல் டாக்டரைப் பார்த்தார். மேஸ்திரி வேறெங்கோ பார்த்தாள். அவளுடைய கோட்டை இருப்பதும் போவதும் இப்போது அந்த ஒரு வாயில் இருந்தது. சாதாரணமாகத் திறக்காத வாய்.

“வெள்ளம் வந்திருக்கு,” என்றாள் பல் டாக்டர். “வெளிய படிகிட்ட சனங்க இருந்திருக்காங்க, குழந்தை குட்டியோட. உள்ள ஒருத்தி இருந்திருக்கா. தண்ணி அவங்க பக்கம் போகாம இருக்க, கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, வீட்டுல இருந்த சாமானையெல்லாம் இழுத்துட்டு வந்து முட்டுக் குடுத்திருக்கா. அவங்க மேல ஏறித் தப்பிச்சிருக்காங்க. இவ தப்பிக்கல. வெளிப்பக்கம் கதவுல இடிச்ச தழும்பு இருக்கு. திறக்க மாட்டேங்கறாளேன்னு அவளைத் திட்டியிருப்பாங்க.”

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையை ஆட்டினாள்.

பிரம்மாவுக்குத் தோல்வி என்பது பழக்கமில்லாத சங்கதி. “கதை சரி. ஆனா அவ யாருன்னு சொல்ல முடியலியே? பேரு என்ன, எந்த வம்சம்? அதுக்குத்தான் சிலை வேணுங்கறேன்.”

“யாருன்னுதான் கதவுலயே போட்டிருக்கே,” என்றாள் பல் டாக்டர். “நாத்தனார்.”

முதலாளி மேஜையைத் தட்டினார். “அட! பேரும் கதையோட ஒட்டி வருதே! இப்படியே இருக்கட்டும். எல்லாப் பேரும் இருக்கட்டும். கட்டத்துலயும் நிக்குது.”

“இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிட்டிருக்கேன்,” என்றார் பிரம்மா. “குடும்பம்தான் உண்மையான வம்சம்.” அதை உடனே எழுதி வைத்துக்கொள்ளப் பேனாவும் தேடினார். வாசல் சிலையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று மேஸ்திரியே சொன்னாள். அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால், தலைமேல் ஏறி நிற்கிறவர்களுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் நன்றாகத் தெரியும். ஆட்டம் விற்பனைக்கு வந்த பிறகு, ஆட்டக்காரர்கள் சிலையருகில் வெகுநேரம் நிற்பதாகக் கணக்கு வந்தது. பிரம்மா அதைப் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபீஸில் யாரும் அவரைத் திருத்தவில்லை, நல்ல மனிதர்கள்.

அன்றைக்கு மேஸ்திரி பல் டாக்டரைக் கீழே கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பல் டாக்டர் கேட்டாள்.

“அந்தப் பேரு வெக்கும்போது கதவுக்குப் பின்பக்கம் இருந்துச்சா?”

இருந்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அழகாகவும் இருக்கும். ஆனால் வாயைப் பார்த்தே சொத்தையைக் கண்டுபிடிக்கிறவளிடம் எதற்கு?

“இல்லக்கா. முன்பக்கம் மட்டும்தான் இருந்துச்சு. பின்பக்கம் ரொம்ப நாள் கழிச்சுக் கட்டினது.”

“ம்,” என்றாள் பல் டாக்டர். உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டாள். கண்ணாடியை இறக்கினாள். “என் தம்பிக்கு அறை எதுவும் வெக்கலியா?”

“அடுத்த டஞ்சன்ல இருக்குக்கா. உள்ள எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு வரும்.”

பல் டாக்டர் சிரித்தாள். வாய் விட்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். அவளுடைய பற்களை மேஸ்திரி அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள். கீழ்வரிசையில் ஒன்று சற்றே கோணலாக இருந்தது.